ஒரு மார்க்கில் பறிபோகும் டாக்டர் சீட்டு!

பிளஸ்-2 மார்க்கு எங்கே போகிறது? நுழைவுத் தேர்வு கணக்கு என்ன?
பெற்றோர் அறியவேண்டிய விவரம்

- நமது நிருபர் -

சென்னை,

சென்னையில் மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் கத்திரி வெயிலை விட மார்க்கு சூடுதான் அதிகம்.

டீக்கடை பெஞ்சிலும், ரேஷன் கடை கியூவிலும், மின்சார ரெயிலிலும் பெற்றோர் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "உங்க பையன் கட்-ஆப் எவ்வளவு?"

பிளஸ்-2-வில் 600-க்கு 580 வாங்கிய பெண், டாக்டர் சீட்டு கிடைக்காமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறாள். அவளைவிட 60 மார்க்கு குறைவாக வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன், சீட்டு வாங்கி தெருவுக்கே இனிப்பு கொடுக்கிறான்.

இது எப்படி நடக்கிறது? யாராவது பணம் கொடுத்துவிட்டார்களா? மந்திரி சிபாரிசா? ரெண்டும் இல்லை. எல்லாம் மார்க்கு கணக்கு. அந்தக் கணக்குக்குள் புகுந்து பார்த்தால்தான் பணம் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது தெரியும்.

ஒரே ரோடு, ரெண்டு தராசு!

கிண்டி சர்தார் பட்டேல் ரோட்டில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே என்ஜினீயரிங் சேர பிளஸ்-2 மார்க்கு போதும். தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது.

அதே ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஐ.ஐ.டி. அங்கே அதே என்ஜினீயரிங் படிக்க, பிளஸ்-2 மார்க்கு மட்டும் செல்லாது. ஜே.இ.இ. மெயின், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்று அகில இந்திய அளவில் ரெண்டு தேர்வைத் தாண்டவேண்டும்.

டாக்டர் படிப்புக்கு 'நீட்' தேர்வு மார்க்கு ஒன்றுதான் தராசு. பிளஸ்-2-வில் குறிப்பிட்ட மார்க்கு எடுத்திருந்தால் போதும். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் ராங்க் பட்டியலில் ஏறாது.

மேலே சொன்ன பெண்ணின் 580 எங்கே போச்சு என்று கேட்டால், பதில் இதுதான். அந்த 580-ஐ யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை!

என்ஜினீயரிங் கணக்கு

முதலில் லேசான கணக்கைப் பார்ப்போம்.

என்ஜினீயரிங் கட்-ஆப் மொத்தம் 200. கணக்குப் பாடத்தில் வாங்கிய மார்க்கு அப்படியே 100-க்கு. பிசிக்சில் பாதி. கெமிஸ்டிரியில் பாதி.

கோபால், கோவிந்தன் என்று ரெண்டு பையன்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கோபால் கணக்கில் 98, பிசிக்சில் 92, கெமிஸ்டிரியில் 96. கட்-ஆப் 98, 46, 48. மொத்தம் 192.

கோவிந்தன் கணக்கில் 92, பிசிக்சில் 98, கெமிஸ்டிரியில் 96. கட்-ஆப் 92, 49, 48. மொத்தம் 189.

மூன்று பாடத்தையும் கூட்டினால் ரெண்டு பேரும் 286 தான். ஆனால் கட்-ஆப்பில் 3 மார்க்கு வித்தியாசம்! இந்த 3 மார்க்குக்கு நடுவே ஆயிரக்கணக்கான மாணவர்கள் நிற்பார்கள்.

ரெண்டு பேருக்கும் ஒரே கட்-ஆப் வந்தால்? கணக்கில் யார் அதிகம் என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் பிசிக்ஸ். இப்படியே போய், எல்லாம் சமம் என்றால் பிறந்த தேதி. மூத்தவருக்கு முதலிடம். அதிலும் சமம் என்றால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர். கடைசியில் அதிர்ஷ்டம்தான்!

மத்திய போர்டு, மாநில போர்டு என்று வேறு வேறு தேர்வு எழுதியவர்களை எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பாடத்தில் முதல் மார்க்கு எதுவோ அதைச் சமமாக வைத்து, மற்ற மார்க்குகளை அதற்கேற்ப மாற்றுகிறார்கள். இது சட்டத்திலேயே இருக்கிறது.

'நீட்' கணக்கு

இப்போது கடினமான கணக்கு.

2025-ம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகள். பிசிக்ஸ் 45, கெமிஸ்டிரி 45, உயிரியல் 90. நேரம் 180 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரே ஒரு நிமிடம்!

சரியான விடைக்கு 4 மார்க்கு. தப்பான விடைக்கு 1 மார்க்கு கழிப்பார்கள். எழுதாமல் விட்டால் பூஜ்யம். மொத்தம் 720.

ஒரு மாணவி 150 கேள்விக்கு சரியாகவும் 20 கேள்விக்கு தப்பாகவும் எழுதி, 10 கேள்வியை விட்டுவிட்டாள் என்றால் 600-ல் 20 போக 580.

அந்த 20 தப்பில் ஒன்றே ஒன்று சரியாக இருந்திருந்தால்? 4 கூடும். கழித்த 1-ம் திரும்பி வரும். ஒரு கேள்வியின் விலை 5 மார்க்கு! இந்த 5 மார்க்கில் சென்னை மருத்துவக் கல்லூரி கைநழுவி, ஏதோ ஒரு மாவட்டத்துக்கு மூட்டை கட்டவேண்டி வரலாம். சீட்டே இல்லாமலும் போகலாம்.

மார்க்கு வேறு, ராங்க் வேறு என்பதையும் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். 2024-ம் ஆண்டு இறுதிப் பட்டியலில் 17 பேர் 720-க்கு 720. 2025-ம் ஆண்டு கேள்வித்தாள் கடினம். அகில இந்திய முதல் மாணவரே 686 தான். போன வருஷம் இந்த மார்க்குக்குக் கிடைத்த சீட்டு இந்த வருஷமும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாஸ் வேறு, சீட்டு வேறு

"என் பையன் நீட் பாஸ்" என்று பல பேர் சந்தோஷப்படுகிறார்கள். அவசரப்படவேண்டாம்.

பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல் வந்தால் பாஸ். பெர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. தேர்வு எழுதியவர்களில் பாதிப்பேரைவிட முன்னே இருந்தால் போதும் என்று அர்த்தம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 பெர்சன்டைல்.

2024-ம் ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். பாஸ் ஆனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். சீட்டுகளோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான்.

அப்படியானால் பாஸ் ஆனவரில் சுமார் 12 லட்சம் பேருக்கு சீட்டு இல்லை. பிறகு எதற்கு இத்தனை பேரை பாஸ் போடுகிறார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். அதற்கு ராங்க் மிக முன்னே இருக்கவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. அங்கே ராங்க் பின்னே இருந்தாலும் பாஸ் ஆகியிருந்தால் வாய்ப்பு உண்டு.

ஆட்டோ ஓட்டுகிறவர் மகள் நல்ல மார்க்கு வாங்கியும் ஒரு மார்க்கில் அரசு சீட்டைத் தவறவிட்டால் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அவளைவிட 150 மார்க்கு குறைவாக வாங்கிய வசதியான வீட்டுப் பையன் பெட்டியைத் திறந்து பணத்தைக் கட்டி டாக்டர் ஆகலாம். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது!

மேல்படிப்பில் இதைவிட வேடிக்கை. 2023-ம் ஆண்டு முதுநிலை மருத்துவ நீட் தேர்வில் இடங்கள் காலியாகக் கிடந்தன. பாஸ் மார்க்கை பூஜ்யம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதிய எல்லோரும் தகுதி! தரத்துக்காகத்தான் தேர்வு என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று டாக்டர்களே கேட்டார்கள்.

சல்லடை மேல் சல்லடை

மார்க்கு வந்ததும் நேராக சீட்டு அல்ல. நடுவே பல சல்லடைகள்.

மாநில அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. அதில் 69 சதவீத இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்று தனித்தனியாக ராங்க் பார்ப்பார்கள்.

அதனால் மொத்தப் பட்டியலில் எத்தனையாவது என்பதோடு, உங்கள் பிரிவில் எத்தனையாவது என்பதையும் பார்க்கவேண்டும். சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் சிக்கல்தான்.

பேட்டியில் ஆரம்பித்த கதை

மார்க்கு சண்டை இன்று நேற்று வந்தது அல்ல.

1970-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டுக்கு பரீட்சை மார்க்கோடு நேர்முகத் தேர்வு மார்க்கும் சேர்ந்தது. பேட்டிக்கு மட்டும் 75 மார்க்கு! பேட்டி கண்டவர் மனசு வைத்தால் பின்னால் இருப்பவன் முன்னால் வரலாம். பெரியகருப்பன் என்பவர் தொடர்ந்த வழக்கில், பேட்டி மார்க்கு போட்ட முறை சரியில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது.

பிறகு 1984-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ்-2 மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300 என்று நீண்ட காலம் கணக்கு போட்டார்கள்.

சிபாரிசை ஒழிக்க வந்த தேர்வு கோச்சிங் வகுப்புகளை வளர்த்துவிட்டது. கிராமத்துப் பையனுக்கு கோச்சிங் ஏது என்ற கேள்வி எழுந்தது. கலைஞர் ஆட்சியில் 2006-ம் ஆண்டு சட்டம் போட்டு, 2007-ம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வை ரத்து செய்தார்கள்.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

பிளஸ்-2 மார்க்கு மட்டும் போதும் என்றதும், நாமக்கல், ராசிபுரம் பக்கம் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடங்களில் கூட்டம் குவிந்தது. சில பள்ளிகளில் பிளஸ்-1 பாடத்தையே ஓரம் கட்டிவிட்டு பிளஸ்-2 பாடத்தை ரெண்டு வருஷம் உருட்டினார்கள். 200-க்கு 200 சரமாரியாக வந்தது. மார்க்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பணமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

நீட் வந்தது

நீட் தேர்வு முதலில் 2013-ம் ஆண்டு மே மாதம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை அந்தக் கோர்ட்டே திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் விலக்கு கிடைத்தது. 2017-ம் ஆண்டு விலக்கு இல்லை.

அந்த வருஷம் அரியலூர் மாவட்டத்து கூலித் தொழிலாளி மகள் ஒருத்தி, பிளஸ்-2-வில் 1,200-க்கு 1,176 வாங்கியிருந்தாள். பழைய கணக்குப்படி மருத்துவ கட்-ஆப் 196.75. கண்டிப்பாக சீட்டு. ஆனால் நீட் தேர்வில் 720-க்கு 86 தான். சுப்ரீம் கோர்ட்டு வரை போனாள். கதவு திறக்கவில்லை. 2017 செப்டம்பர் 1-ந் தேதி அந்தப் பெண்ணை தமிழ்நாடு பறிகொடுத்தது.

அவள் படிப்பில் மட்டமா? இல்லை. அவள் படித்தது மாநிலப் பாடத்திட்டம். கேள்வித்தாள் வந்தது மத்திய பாடத்திட்டத்தை ஒட்டி. மாநிலத்தில் புதிய பிளஸ்-2 பாடப்புத்தகம் வந்ததே 2019-ம் ஆண்டுதான்.

2018-ம் ஆண்டு இன்னொரு கொடுமை. தமிழ் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்பு தப்பு! தப்பான கேள்விக்கு பிள்ளைகள் என்ன விடை எழுதுவார்கள்? ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 மார்க்கு கருணை மார்க்காகக் கொடுக்கச் சொன்னது மதுரை ஐகோர்ட்டு. சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி, நவம்பரில் ரத்தும் செய்துவிட்டது.

3,081 பேரில் 48 பேர்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது இதுதான்.

2019-ம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். அவர்களில் கோச்சிங் போகாமல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 48! சென்னை ஐகோர்ட்டில் கொடுக்கப்பட்ட கணக்கு இது. நீதிபதிகளே அதிர்ந்து போனார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு பள்ளி மற்றும் கோச்சிங் நிறுவனத்தில் வருமானவரி அதிகாரிகள் சோதனை போட்டார்கள். கட்டுக்கட்டாக சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ம் ஆண்டு கொடுத்த அறிக்கை இன்னும் ஒரு குட்டை உடைத்தது. 2016-17-ல் மருத்துவம் சேர்ந்தவர்களில், முந்தைய வருஷமே பள்ளி முடித்துவிட்டு மறுபடி முயற்சி செய்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம்!

தமிழ் வழியில் படித்தவர்கள் 14.88 சதவீதத்திலிருந்து 1.99 சதவீதமாக சரிந்தார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? பள்ளி முடித்த கையோடு சீட்டு கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வீட்டில் சும்மா உட்கார்ந்து, லட்சக்கணக்கில் கட்டி, மறுபடி மறுபடி எழுதவேண்டும். வசதி உள்ள வீட்டில் அது சாத்தியம். கூலி வீட்டில் 18 வயது பிள்ளை ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தால் அடுப்பு எரியாதே!

அந்த ஒரு வருஷம்தான் பணம் நுழைகிற வாசல்.

மார்க்கு திருடர்கள்!

இவ்வளவு விலை உள்ள பொருளை திருடர்கள் விட்டுவைப்பார்களா?

2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மர்ம இ-மெயில் வந்தது. முதலாண்டு மாணவர் ஒருவருக்காக வேறு ஆள் நீட் எழுதியிருக்கிறார் என்று அதில் இருந்தது. ஹால் டிக்கெட் போட்டோவையும் மாணவரின் முகத்தையும் ஒப்பிட்டார்கள். குட்டு வெளிப்பட்டது. தேர்வு நடந்தது மும்பையில்! மாணவரும் தகப்பனாரும் கைதானார்கள். சி.பி.சி.ஐ.டி. போலீசார் தோண்டத் தோண்ட மேலும் பல மாணவர்கள் சிக்கினார்கள்.

2020-ம் ஆண்டு சென்னையில் நடந்த கவுன்சிலிங்கில் 610 மார்க்கு சான்றிதழ் ஒன்று வந்தது. அதிகாரிகள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்கள். உண்மை மார்க்கு வெறும் 27! பெரியமேடு போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள்.

2024-ம் ஆண்டு நாடே அல்லோலகல்லோலப்பட்டது. மே 5-ந் தேதி தேர்வு. ஜூன் 4-ந் தேதி ரிசல்ட். 67 பேர் முழு மார்க்கு! நேரம் வீணானது என்று 1,563 பேருக்கு கருணை மார்க்கு போட்டது தெரியவந்தது. பீகார் மாநிலம் பாட்னாவில் கேள்வித்தாள் முன்கூட்டியே கைமாறியதாக கைது மேல் கைது. ஜார்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் இருந்து தாள் கசிந்ததாக சி.பி.ஐ. கண்டுபிடித்தது.

கருணை மார்க்கு ரத்தானது. அந்த 1,563 பேருக்கும் மறுதேர்வு வாய்ப்பு கொடுத்தார்கள். நாடு முழுக்க மறுதேர்வு தேவையில்லை என்று ஜூலை 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஒரு பிசிக்ஸ் கேள்விக்கு ரெண்டு விடை சரி என்று போட்ட மார்க்கும் போனது. 67 பேர் 17 ஆனார்கள்.

7.5 சதவீத ஏணி

பாதிக்கப்பட்டவர்களுக்கு கிடைத்த உருப்படியான உதவி ஒன்று உண்டு.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் பாஸ் ஆனவர்களுக்கு, 2020-ம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழு கேட்டது 10 சதவீதம். கொடுத்தது 7.5. முதல் வருஷமே முந்நூறுக்கும் அதிகமான அரசுப்பள்ளி பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். 2021-ம் ஆண்டு என்ஜினீயரிங் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இது வந்தது.

இங்கேயும் நீட் மார்க்குதான் பார்க்கிறார்கள். ஆனால் அரசுப்பள்ளி பிள்ளை அரசுப்பள்ளி பிள்ளையோடுதான் போட்டி போடுகிறது. அதே மார்க்கு, ஆனால் ஓடுகிற பந்தயம் வேறு. ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டும் நியாயம் செய்ய வழி உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு 2021-ம் ஆண்டு சட்டசபையில் போட்ட மசோதாவை கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

பேட்டி மார்க்கு போய் நுழைவுத் தேர்வு வந்தது. அது போய் பிளஸ்-2 மார்க்கு வந்தது. அதற்கும் மேல் நீட் வந்தது. ஒவ்வொரு தடவையும் வாசல் மாறியது. காசு உள்ளவன் புது வாசலை முதலில் கண்டுபிடித்தான். மார்க்கைத் திருடியவனை போலீசார் பிடிக்கிறார்கள். கோச்சிங்குக்கு வழியில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வருஷத்தை யார் கொடுப்பது? அரசுப்பள்ளிகளிலேயே நல்ல பயிற்சி வகுப்பு வருஷம் முழுக்க நடந்தால் இந்த வித்தியாசம் கொஞ்சமாவது குறையும்.

அதுவரை பெற்றோர் செய்யவேண்டியது சில:

"பணம் கொடுத்தால் சீட்டு நிச்சயம்" என்று வருகிற புரோக்கரை நம்பாதீர்கள். கவுன்சிலிங்கில் மார்க்கை கம்ப்யூட்டரில் நேராக சரிபார்க்கிறார்கள். மாட்டினால் பிள்ளையும் சேர்ந்து ஜெயிலுக்குப் போகும்.

சாதி, இருப்பிட, பள்ளிச் சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

7.5 சதவீதத்துக்குத் தகுதி இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க மறக்காதீர்கள்.

டாக்டர் ஒன்றுதான் படிப்பு என்று பிள்ளையைப் போட்டு நெருக்காதீர்கள். நர்சிங், பார்மசி, கால்நடை, வேளாண்மை என்று நீட் இல்லாமல் பிளஸ்-2 மார்க்கில் சேர தமிழ்நாட்டில் வழி உண்டு.

ரிசல்ட் வந்த அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மனசு உடைந்து பேசினால் 104 என்ற எண்ணுக்கோ 14416 என்ற எண்ணுக்கோ உடனே போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

தேர்வு அடுத்த வருஷமும் வரும். பிள்ளை போனால் வராது.